யாரைப் பாத்துச் செஞ்சீங்க?

எங்கள் வரிசையில் முதலில் தானியங்கி கேட் போட்டவர் மூலைவீட்டுக்காரர். அடுத்த தீபாவளிக்குள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ரிமோட் கேட் வந்துவிட்டது. மலேசியாவில் ஈப்போ நகரை ஒட்டிய எங்கள் குனோங் ராபாட்டில் இடியோடு மழை பெய்தால் மின்சாரம் போகும். மின்சாரம் போனால் கேட் திறக்காது. மோட்டார் சைக்கிளை உள்ளேயே விட்டுவிட்டு, சொந்த வீட்டுச் சுவரை ஏறிக் குதித்து வேலைக்கு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையால் தள்ளுகிற பழைய கேட் மிஞ்சியிருந்தது ஒரு வீட்டில்தான். அது எனக்கு இடப்பக்கத்து வீடு. அங்கே டீச்சர் வாடகைக்கு இருந்தார்.

நான் புதுக் கேட் போட்ட அன்று அவர் குடையோடு வெளியே வந்து, அது திறப்பதையும் மூடுவதையும் இரண்டு தரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு தம்பி. யாரைப் பாத்துச் செஞ்சீங்க?"

"யாரையும் பாக்கல டீச்சர். வசதிக்குத்தான்."

"சரி. வசதின்னு யாரு சொன்னா?"

எனக்குக் கோபம் வந்தது. குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். பிறகு பழகியதில் தெரிந்தது, அவர் யாரையும் குத்துவதில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். அதுதான் இன்னும் சங்கடம். குத்தினால் திருப்பிக் குத்தலாம்; இதற்குப் பதில் அல்லவா சொல்லவேண்டும்.

டீச்சர் என்று நாங்கள் அழைத்தாலும் அவர் பள்ளிக்கூடத்து ஆசிரியை அல்ல. ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் சமூகவியல் விரிவுரையாளர். அறுபதை ஒட்டிய வயது. ஜொகூரில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, எப்படியோ எங்கள் சுண்ணாம்புக் குன்றின் அடியில் வந்து தனியாகக் குடியிருந்தார். வாழ்நாளெல்லாம் அவர் ஆராய்ந்தது ஒரே கேள்வியை. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் நாடுநாடாக அரசாங்கங்கள் ரயிலையும் தபாலையும் தண்ணீரையும் கம்பெனிகளுக்குக் கொடுத்தன, வரியைக் குறைத்தன, சந்தையைத் திறந்துவிட்டன. பணக்கார நாடும் செய்தது, கடன்பட்ட நாடும் செய்தது. வலதுசாரியும் செய்தார், இடதுசாரியும் செய்தார். இத்தனை வேறுபட்டவர்கள் எப்படி ஒரே காரியத்துக்கு வந்து சேர்ந்தார்கள்?

இதை அவர் எனக்கு விளக்கியது எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் இருக்கும் பாயின் ரொட்டிக் கடையில். இடது கையை மேசைமேல் விரித்து, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கினார்.

"ஒண்ணு, கட்டாயம். கடன் குடுக்கறவன் நிபந்தனை போடுவான். இதை வித்தாத்தான் அது கிடைக்கும்பான். ரெண்டு, போட்டி. பக்கத்து நாட்டுக்காரன் வரியைக் குறைச்சிட்டா ஃபேக்டரி எல்லாம் அங்க போயிடுமேன்னு பயம். மூணு, பாடம். அடுத்தவன் செஞ்சு பாத்தான், பலன் இருந்துச்சு, நாமளும் செய்வோம். நாலு, பாவனை. பெரிய நாடு செய்யுது, பெரிய படிப்பு படிச்சவங்க சொல்றாங்க, செய்யலைன்னா நம்மளப் பட்டிக்காடும்பாங்க."

கட்டைவிரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

"இது?"

"இது உள்ளூர் ஆளு. வித்தா லாபம் பாக்கறவன் எப்பவும் உள்ளூர்லதான் இருப்பான். வெளியூரைக் கை காட்டுறது அவனுக்கு வசதி."

"எது சரி டீச்சர்?"

"அதுக்குத்தான் சண்டை. ஆளுக்கு ஒரு விரலைப் பிடிச்சிக்கிட்டு முப்பது நாப்பது வருஷமா எழுதுறோம். வெளிய இருந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். நாடு செஞ்சது தெரியும், ஏன் செஞ்சதுன்னு தெரியாது. யாரு முதல்ல, யாரு அடுத்து, அந்த நேரத்துல யாரைக் காட்டிப் பேசினாங்கன்னு ஒவ்வொண்ணாப் பாக்கணும். பாடம்தான் காரணம்னு வைங்க, ஒருத்தன் தோத்ததைப் பாத்து அடுத்தவன் நின்னிருக்கணுமில்ல? நிறையப் பேரு நிக்கலயே."

ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. பாய் வந்து எட்டிப் பார்த்தார். அந்த மாதம்தான் அவர் மேசைதோறும் ஸ்கேன் அட்டை ஒட்டியிருந்தார். கைப்பேசியைக் காட்டினால் உணவுப் பட்டியல் வரும்.

"பாய், இந்த அட்டை யாரைப் பாத்து?"

"எதுத்த கடைக்காரனைப் பாத்துத்தான் டீச்சர். அவன் போட்டான், நானும் போட்டேன். எனக்கே அதுல ஆர்டர் பண்ணத் தெரியாது. சும்மா வாயால சொல்லுங்க, இன்னொரு ரொட்டியா?"

டீச்சர் மோதிரவிரலை மட்டும் மடக்கி எனக்குக் காட்டினார். போட்டி.

அவருக்குச் சர்க்கரை போடாத கருப்புக் கோப்பி பிடிக்கும். சிரிக்கும்போது உதட்டின் ஒரு பக்கம்தான் அசையும். மூக்குக்கண்ணாடி கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே வீடெல்லாம் அதைத் தேடுவார். என் மனைவி எடை குறைக்க மூன்றுவேளைச் சோற்றைப் புதன்கிழமைகளில் இரண்டுவேளையாகக் குறைத்தபோதுகூட "யாரைப் பாத்தும்மா?" என்று வேலி வழியாகக் கேட்டார். என் மனைவி அதற்குப் பிறகு துணி காயப்போட வீட்டின் மறுபக்கம் போகத் தொடங்கினாள்.

என் அக்கா மட்டும் அவரைக் கண்டு ஒதுங்கவில்லை. அக்கா ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பணியாளராக இருந்தவள். அந்த வேலை கம்பெனிக்குக் குத்தகையாகப் போனபோது அவளும் அதோடு போனாள்.

"அதே மாப்பு, அதே பக்கெட்டு, அதே வார்டு. சட்டை மட்டும் வேற கலரு," என்றாள் டீச்சரிடம்.

"ஏன் மாத்தினாங்கன்னு சொன்னாங்களா?"

"நோட்டிஸ் ஒட்டினாங்க. சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். உலகம் பூரா இப்ப இப்படித்தான்னான். மத்த ஊரு ஆஸ்பத்திரியெல்லாம் நான் எங்க பாத்தேன் டீச்சர்? நான் பாத்தது என் வார்டு ஒண்ணுதான்."

டீச்சர் எந்த விரலையும் மடக்கவில்லை. அக்கா, அவரைப் பார்க்கப் பாவமாக இருந்ததாலோ என்னவோ, "ஆடித் திருவிழாவுக்குக் கோயிலுக்கு வாங்க. பூசணிக்கா வெட்ட ஆள் குறையுது," என்றாள்.

எங்கள் கோயில் செமோருக்குப் போகிற பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. தோட்டம் விற்கப்பட்டு, மரங்கள் போய், நாங்கள் பிறந்த தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களும் இடிக்கப்பட்டு இப்போது அங்கே மாடிவீடுகள். கோயிலும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நிலமும்தான் மிச்சம். ஆனால் திருவிழாச் சமையலில் மட்டும் லயங்கள் அப்படியே இருந்தன. மேல் லயத்துக்காரர்கள் அரிசி களைந்து சோறு வடிக்கவேண்டும். கீழ் லயத்துக்காரர்கள் காய் வெட்டிக் குழம்பு வைக்கவேண்டும். செமோர் அடுக்குமாடியிலிருந்து வந்தாலும் சிங்கப்பூரிலிருந்து வந்தாலும் சரி, அவரவர் தாய்தகப்பன் இருந்த லயத்துக்குரிய பாயில்தான் உட்காரவேண்டும். மேல் லயத்துக்காரர் ஒருவர் கத்தியைத் தொட்டால் கீழ் லயத்துப் பெண்கள், "அங்கிட்டுப் போங்கண்ணே, சோறு குழையுது பாருங்க," என்று விரட்டுவார்கள்.

டீச்சர் முதல் வருடம் வந்தபோது அரிவாள்மணையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பாய்களுக்கும் நடுவில் நின்றார். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. "இவங்க எந்த லயம்?" என்று ஒரு கிழவி கேட்டாள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

குழம்பு அண்டாவுக்குப் பக்கத்திலிருந்து அக்கா கத்தினாள்: "டீச்சர் கீழ் லயம்!"

விஷயம் அதோடு முடிந்தது. ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். டீச்சர் உட்கார்ந்து பூசணிக்காயைக் கோணல்மாணலாக வெட்டினார். "என்ன டீச்சர், குழம்புக்கா மாட்டுக்கா?" என்று கேலி செய்தார்கள். அன்று அவருக்கு உதட்டின் இரண்டு பக்கமும் அசைந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவறவில்லை. கோயில் சங்கத்தில் உறுப்பினராகவும் சேர்ந்துகொண்டார். ஜொகூரில் அண்ணன் வீடு இருந்தும் ஆடிமாதம் அங்கே போகமாட்டார்.

கொரோனாவுக்குப் பிறகு இரண்டாவது திருவிழா நெருங்கும்போது, எங்கள் தலைவர் நிர்வாகக் கூட்டத்தில் சமையலைக் கேட்டரிங்குக்குக் கொடுத்துவிடலாம் என்றார். நான் செயலாளர், குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப எல்லாக் கோயில்லயும் அப்படித்தான்லா. சிம்பாங் பூலாய்ப் பக்கம் அந்த அம்மன் கோயில்ல ரெண்டு வருஷமா கேட்டரிங். பிரச்சினையே இல்லையாம். நாம மட்டும் இன்னும் அண்டா கழுவிக்கிட்டு இருக்கோம்."

தலைவர் நல்ல மனிதர். கேட்டரிங்காரர் அவருக்கு உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. அதையும் விசாரித்துப் பார்த்தேன். பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று.

அக்காவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "ஆஸ்பத்திரியில நோட்டிஸ் ஒட்டினாங்க, போயிட்டேன். கோயில்ல அப்படிப் போமாட்டேன். அந்த அண்டா அம்மா கிண்டின அண்டா," என்றாள். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் வலி.

விஷயம் கேள்விப்பட்டு அன்று மாலையே டீச்சர் என் கேட்டுக்கு வந்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை கார் இருக்கா? சிம்பாங் பூலாய் போலாம். அவங்க யாரைப் பாத்துச் செஞ்சாங்கன்னு கேக்கணும்."

மழையில்தான் போனோம். சிம்பாங் பூலாய்க் கோயில் பொறுப்பாளர் அன்பாகப் பேசினார். கோப்பேங் ரோட்டில் ஒரு கோயில் இருக்கிறது, அவர்களைப் பார்த்துத்தான் ஆரம்பித்தோம் என்றார். கோப்பேங் ரோட்டுக்குப் போனோம். அங்கே இருந்தவர், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலைச் சொன்னார். "அவங்கதான்லா முதல்ல. ரொம்ப நாளா கேட்டரிங்தான் அங்க."

ஈப்போவைத் தாண்டி வடக்கே போனோம். டீச்சர் ஜன்னல் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார். அந்தக் கோயிலில் பூசாரியும் தலைவரும் ஒருவரேதான். எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

"கேட்டரிங்கா? நாங்களா?" என்றார். "ஓ, அதுவா! ஒரே ஒரு வருஷம்மா. திருவிழா வாரத்துல சமைக்கிற அண்ணனுக்கு டெங்கிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில படுத்துட்டாரு. வேற வழியில்லாம வெளிய சொன்னோம். சாம்பார் வாயில வைக்க முடியல. அடுத்த வருஷமே நாங்களே சமைச்சிட்டோம்."

டீச்சர் தேநீரைக் கீழே வைத்தார். முகம் ஒளிவிட்டது. ஆனால் பூசாரி பேசி முடிக்கவில்லை.

"ஆனா இந்த வருஷம் நாங்களும் கேட்டரிங் குடுக்கலாம்னு யோசிக்கிறோம்மா. இப்ப எல்லாக் கோயில்லயும் அப்படித்தானாமே? சிம்பாங் பூலாய்ப் பக்கமெல்லாம்?"

திரும்பி வரும்போது டீச்சர் சிரித்தார். முதலில் சத்தமாக, பிறகு சத்தமில்லாமல். தஞ்சோங் ரம்புத்தான் தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது. "வட்டம் தம்பி," என்றார். "நான் இதைப் புத்தகத்துல எழுதினா நம்பமாட்டாங்க. கதை கட்டுறேன்னுவாங்க."

பொதுக்கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. நாற்காலிகளைச் சும்மாதான் போட்டிருந்தோம். ஆனாலும் பழக்கம், மேல் லயத்தார் ஒரு பக்கமும் கீழ் லயத்தார் ஒரு பக்கமுமாக உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சர் எழுந்து, நாங்கள் போய்வந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். சிரித்தார்கள். டெங்கிக் காய்ச்சல் வந்த இடத்தில் கைகூடத் தட்டினார்கள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

தலைவர் எழுந்தார்.

"டீச்சர் சொன்னது அத்தனையும் நியாயம். நாமளே சமைப்போம். எனக்கும் ஆசைதான். கோத்தோங் ரோயோங் மாதிரி எல்லாரும் சேந்து செய்வோம். முதல் நாளே வந்து காய் வெட்ட, விடிகாலையில அடுப்பு மூட்ட, முடிஞ்சதும் அண்டா கழுவ யாரு யாரு வாரீங்க? கையத் தூக்குங்க, செயலாளர் எழுதிக்குவாரு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். ஒரு பெண், "சனிக்கிழமை எனக்கு ஷிப்டுண்ணே," என்று பொதுவாகச் சொன்னாள். "இடுப்பு வலி," என்றார் மேல் லயத்து அண்ணன் ஒருவர், யாரும் கேட்காமலே. அக்காவின் கை உயர்ந்திருந்தது. இன்னும் இரண்டு கிழவிகள் தூக்கினார்கள். டீச்சரும் தூக்கினார். அவ்வளவுதான்.

தலைவர் யாரையும் குறை சொல்லவில்லை. சோர்ந்த குரலில், "சரி. கேட்டரிங்குக்கு ஆதரவு?" என்றார்.

எண்ணுவது என் வேலை. மேல் லயத்துப் பக்கம் முதலில் ஓரிரு கைகள், பிறகு எல்லாம். அடுத்து கீழ் லயத்துப் பக்கம், முன்வரிசை, நடுவரிசை. கைகளை எண்ணிக்கொண்டே வந்தபோது நடுவரிசையில் ஒரு கையை எண்ணிவிட்டு, முகத்தைப் பார்த்தேன். டீச்சர்.

அக்காவும் பார்த்துவிட்டாள். அவள் கைகள் மடியில் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் என் ரிமோட் கேட் திறக்கக் காத்திருந்த நேரத்தில் நான் கேட்டேன். கேலிக்கு அல்ல.

"யாரைப் பாத்துத் தூக்கினீங்க டீச்சர்?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார், வேறு யாருடைய கையோ போல.

"கீழ் லயம் பூரா தூக்குச்சு தம்பி," என்றார். "நானும் கீழ் லயம்தானே."

"அக்கா தூக்கலயே."

"பாத்தேன். அதுக்குள்ள தூக்கிட்டேன்."

இடது கை பாதி விரிந்தது. எந்த விரலை மடக்குவார் என்று பார்த்தேன். எதையும் மடக்காமல், கழுத்தில் தொங்கிய கண்ணாடியைத் தேடிப் பையைத் துழாவினார். பிறகு தன் பழைய கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு போனார்.

அக்கா அவரிடம் கோபித்துக்கொள்ளவில்லை. மறுவாரமும் மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள். "அவங்களுக்குன்னு இருந்தது அந்தப் பாய் ஒண்ணுதான். அதுல இருக்கறவங்களை விட்டுட்டு எப்படித் தனியா நிப்பாங்க?" என்றாள். ஆனால் குழம்பை அவள் நேரில் கொண்டுபோகவில்லை. என்னிடம்தான் கொடுத்தாள்.

அந்த வருட முடிவில் கல்லூரி விரிவுரையாளர்களை மணிக்கணக்குச் சம்பளத்துக்கு மாற்றியது. அதுபற்றிய கூட்டத்தில் உங்கள் கேள்வியைக் கேட்டீர்களா என்று டீச்சரிடம் விசாரித்தேன். "கேட்டேன். மத்த காலேஜ் எல்லாம் அப்படித்தான்னாங்க. எந்தக் காலேஜுன்னு கேக்க வாய் வந்துச்சு. விட்டுட்டேன். களைப்பா இருந்துச்சு தம்பி," என்றார். அடுத்த பருவத்தில் அவருக்குக் கொடுத்த மணிநேரங்கள் வீட்டு வாடகைக்குப் போதவில்லை. ஒரு சின்ன லாரியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஜொகூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போனார். அரிவாள்மணையை அக்காவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். சில காலம் தீபாவளி, பொங்கல் என்று வாழ்த்துச் செய்தி அனுப்பினார். பிறகு அந்த எண்ணில் வேறு யாரோ எடுத்தார்கள்.

கேட்டரிங் மூன்றாவது வருடமாக நடக்கிறது. கூடாரத்தில் நீளமேசை, கம்பெனிச் சட்டை போட்ட பையன்கள் பரிமாறுகிறார்கள். பாய்கள் இரண்டும் சுருட்டிய நிலையில் பொருள் அறையில் நிற்கின்றன. அக்கா சாமி கும்பிட்டுவிட்டு, சாப்பிடாமல் வந்துவிடுகிறாள்.

போன வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு. பத்து காஜா பக்கத்து ஒரு கோயிலின் இளம் செயலாளர்.

"அண்ணே, உங்க கோயில்ல சாப்பாடு கேட்டரிங்காமே? எப்படி இருக்கு?"

ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். டீச்சர் சொன்னதுபோலக் கூட்டாமல் குறைக்காமல்.

"சாம்பார் சுமார்தான் தம்பி. நேரத்துக்கு வந்துடுது. நிறைய மிஞ்சுது. எங்க ஆளுங்க முந்தி மாதிரி வர்றதில்ல. வர்றவங்களும் தாப்பாவ் பொட்டலம் கட்டிக்கிட்டு உடனே கிளம்பிடுறாங்க. நம்மளுக்கு வேலைன்னு ஒண்ணும் இல்ல."

"வேலை இல்லையா? அது போதும்ணே. இங்க எல்லாரும் வயசாளுங்க, சமைக்கறது ரொம்ப சூசா, கஷ்டம். கமிட்டியில சொல்லிடுறேன், உங்க கோயில்ல நல்லபடியா நடக்குதுன்னு."

நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது என்று பட்டது. வேறு ஒன்றைக் கேட்டேன்.

"தம்பி, இந்த யோசனை உங்களுக்கு யாரைப் பாத்து வந்துச்சு?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க," என்று சிரித்தார். "உங்களைப் பாத்துத்தான்லா."